டிரையர் அறைத் தட்டில் ஆறு போத்தல்

நடந்தது இந்த வரிசையில்:

1. மழைக்காலத் தொடக்கத்தில், தேயிலை எஸ்டேட்டை நிர்வகிக்கும் துரையின் பங்களாவுக்கு ஒரு மரப்பெட்டி வந்தது. உள்ளே ஆறு போத்தல் சிவப்பு ஒயின். பிரான்சின் தென்மேற்கு மூலையில், மதிரான் என்ற ஊர்ப்பக்கத்தில் செய்தது.
2. அனுப்பியவர் அந்தப் பக்கத்துக்காரர், ஒரு இஞ்சினியர். எங்கள் பெக்டரி இயந்திரங்களைப் பார்க்க ஒருமுறை வந்திருந்தார். மறுபடி வரும்போது சேர்ந்து குடிக்கலாம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்.
3. பங்களா ஸ்டோர் அறையில் வைத்த பெட்டியில் பூசணம் பிடித்தது. போத்தல்களின் லேபிள் கறுக்கத் தொடங்கியது.
4. பங்களா பட்லர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய், பெக்டரியின் டிரையர் அறையில் வேலை செய்யும் என் அப்பாவிடம் கொடுத்தார்.
5. அப்பா அதைத் தட்டில் ஏற்றி வைத்தார்.
6. இஞ்சினியர் திங்கட்கிழமை பெக்டரியைப் பார்க்க வருகிறார், அதற்கு முந்தின சனிக்கிழமை பங்களாவில் மத்தியானச் சாப்பாடு என்று செய்தி வந்தது.
7. அந்த ஒயினுக்கு எந்தச் சாப்பாடு சேரும் என்று கேட்க, துரையின் மனைவி, துரைசானி, என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.
8. நான் ஒரு போத்தலைத் திறந்தேன்.

ஐந்தாவதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

கேமரன் மலையில் மழைக்காலத்தில் எதுவும் காயாது. துவைத்த சட்டை ஒரு வாரம் கழித்தும் சில்லென்றே இருக்கும். செருப்பில் பச்சை படரும். சாமி படத்துக்குக் கண்ணாடிக்கு உள்பக்கம் பூசணம் வரும். காய்ந்த இடம் ஒன்றே ஒன்றுதான், டிரையர் அறை. டிரையர் என்பது தேயிலையைச் சூடான காற்றில் காய வைக்கும் பெரிய இயந்திரம். சுவருக்குப் பின்னால் விறகு அடுப்பு எரியும். அந்தச் சூட்டை விசிறி இழுத்து இலைக்குள் விடும். அடுப்புச் சுவரில் ஆள் உயரத்துக்கு மேலே ஒரு பலகைத் தட்டு இருந்தது. யார் அடித்தது என்று யாருக்கும் தெரியாது. சுவர் எப்போதும் இளஞ்சூடாக இருக்கும். தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வீடுகள் நனையக் கூடாத எல்லாவற்றையும் அங்கேதான் கொண்டுவந்து வைக்கும். பிறப்புப் பத்திரம், கல்யாணப் பட்டு, கைக்குழந்தைகளின் போர்வை, கோயில் குழுவின் உறுமி மேளங்கள். என் டிப்ளோமாவும் அங்கேதான் இருந்தது.

அது விதிக்கு விரோதம். தேயிலை பக்கத்தில் இருக்கும் எந்த வாசனையையும் இழுத்துக்கொள்ளும். முந்தின வருஷம் யாரோ ஒரு பொட்டலம் கருவாட்டை அந்தத் தட்டில் வைத்துவிட்டார்கள். அன்றைய இலை முழுவதும் நாறிப்போனது. துரை அப்பாவை ஆபீசுக்குக் கூப்பிட்டு, தேயிலையைத் தவிர வேறு எதையாவது அந்த அறையில் இன்னொரு தடவை பார்த்தால் வேலையும் இல்லை, வீடும் இல்லை என்றார். தட்டு கொஞ்ச நாள் காலியாக இருந்தது. பிறகு ஒரு சாக்குத் திரை வந்தது. திரைக்குப் பின்னால் போர்வைகள் திரும்பி வந்தன, வாசனை இல்லாத சாமான் மட்டும் என்ற புது ஏற்பாட்டோடு. தக்கை அடைத்த போத்தலில் வாசனை ஏது?

எங்கள் வீடு அப்பாவின் வேலையோடு ஒட்டியது. அம்மா முழங்கால் வலியால் கொழுந்து எடுப்பதை விட்டிருந்தார். நான் உணவுத் தொழில்நுட்பம் படித்துவிட்டு, பெக்டரியில் தேயிலை சுவைத்துப் பார்க்கும் அறையில் தற்காலிகமாக இருந்தேன். தற்காலிக ஆளுக்கு வீடு கிடையாது. போதாததற்கு, கோலாலம்பூரில் ஒரு பால்மாவுத் தொழிற்சாலையின் சோதனைக்கூடத்தில் எனக்கு இடம் கிடைத்திருந்தது. மழை முடிந்ததும் போக வேண்டும். ஆக வீடு நின்றது அப்பா அந்த டிரையர் பக்கத்தில் நிற்பதால்தான். எஸ்டேட்டின் இரண்டு பெக்டரிகளில் ஒன்றை மூடப்போகிறார்கள், பிரெஞ்சுக்காரர் வருவதே எதை என்று பார்க்கத்தான் என்று ஆபீசில் கணக்கெழுதும் கிராணிகள் பேசிக்கொண்டார்கள்.

துரைசானி ஈப்போவில் பிறந்த தமிழ்க் கிறிஸ்தவர். துரையும் நம் நாட்டுக்காரர்தான். பட்டம் மட்டும் பழையது. நான் போனபோது துரைசானி ஒரு ஆங்கிலப் பத்திரிகையில் சமையல் பக்கத்தை விரித்து வைத்திருந்தார்.

"நீ படிச்சவ லா. இதுக்கு எது சேரும்னு சொல்லு. சர்ச்சுல பாதர் குடிக்கிறதத் தூரத்துலேருந்து பார்த்ததுதான் எனக்குத் தெரிஞ்ச ஒயின்."

"எனக்கும் தெரியாது மேடம். ஒரு போத்தல் திறந்து பார்க்கணும்."

"குடிப்பியா?"

"வாயில வச்சுட்டுத் துப்பிடுவேன். தேயிலை மாதிரிதான்."

"பிரான்ஸ்லேருந்து கப்பல்ல வந்தத துப்பப் போற! அந்த மனுஷன் முன்னாடி மட்டும் துப்பிடாத, தாயே."

கதவருகில் நின்ற பட்லர் சிரித்தார். "பெட்டி எங்க இருக்கு?" என்று துரைசானி கேட்டதும் சிரிப்பு நின்றது.

"ஸ்டோர்லதான் மேடம். பத்திரமா இருக்கு."

பட்லர் ஒரு போத்தலைத் துண்டில் சுற்றி, சுவைக்கும் அறைக்குக் கொண்டுவந்தார். கையில் வாங்கியதும் எனக்குப் பிடிக்கவில்லை. அது வெதுவெதுப்பாக இருந்தது. மேலே இருந்த தகட்டை உரித்தபோது, தக்கை போத்தல் வாய்க்கு மேலே எழும்பி நின்றது. அதைச் சுற்றி ஊதா நிறத்தில் பிசுபிசுப்பான ஒரு கோடு. சூட்டில் விரிந்து, தக்கையைத் தள்ளி, கொஞ்சம் கசிந்து காய்ந்திருக்கிறது. கல்லூரியில் நொதித்தல் பாடத்தில் இந்த அடையாளங்களைப் படித்ததுண்டு. பரீட்சைக்கு வரவில்லை.

தேயிலைக்கு வைத்திருக்கும் வெள்ளைக் கிண்ணத்தில் ஊற்றினேன். நடுவில் கறுப்பு, ஓரத்தில் செங்கல் நிறம். முகர்ந்தால் வெந்த பழமும் கருகிய சர்க்கரையும். உறிஞ்சினேன். நாக்கின் இரண்டு பக்கமும் பலாப்பழத் தோலைத் தடவியது போலச் சொரசொரத்தது. மூன்று மடங்கு இலை போட்டுக் கொதிக்க வைத்த தேநீரின் துவர்ப்பு. அந்தத் துவர்ப்பு மட்டும் உயிரோடு இருந்தது. பழத்தின் புளிப்பும் புதுமையும் போய்விட்டிருந்தன. சூடு அதிகம் பட்ட தேயிலை எப்படி இருக்குமோ அப்படி.

"என்ன பாப்பா, நல்லாருக்கா?" என்று பட்லர் கேட்டார்.

"மாமா, இது வெந்துபோச்சு."

"ஒயின யாரு வேக வச்சா?"

"தட்டுதான்."

அவர் தேயிலைப் பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார். "புள்ளைங்க போர்வைய வைக்கிற தட்டு அது. போர்வை வேகுதா என்ன? கிறுக்குத்தனமாப் பேசாத."

நான் போய்ப் பார்த்தேன். சாக்குத் திரைக்குப் பின்னால் என் டிப்ளோமாவின் பிளாஸ்டிக் உறை சுருண்டு, எழுத்தோடு ஒட்டியிருந்தது. யாரோ வைத்திருந்த மெழுகுவர்த்திக் கட்டு வளைந்து ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தது. மேலே இருந்த போர்வையைப் பிரித்தேன். சுவர்ப் பக்கம் இருந்த மடிப்பில் பழுப்பாக ஒரு பட்டை. உறுமிகளைக் காணவில்லை. தோல் வெடித்துவிட்டதென்று கோயில்காரர்கள் எடுத்துப் போய்விட்டதாக அப்பாவுக்கு உதவியாக இருந்த ஆள் சொன்னார். சுவரில் உள்ளங்கையை வைத்தேன். ஒரு கணத்துக்கு மேல் வைக்க முடியவில்லை.

அப்பா அடுப்பு வாயில் விறகு தள்ளிக்கொண்டிருந்தார். தலையில் ஈரத்துண்டு கட்டியிருந்தார். மழை தொடங்கியதிலிருந்து அவருக்குத் தலைவலி. வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் தைலம் தேய்த்துக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவார்.

"அப்பா, சுவரு ஏன் இப்படிக் கொதிக்குது?"

"விறகு ஈரம். கூடப் போட வேண்டியிருக்கு."

"ஈர விறகு சூட்டக் குறைக்கும்பா."

அவர் கம்பியைக் கீழே வைத்தார். விசிறிச் சத்தத்தில் என் காதுக்குப் பக்கத்தில் வந்துதான் பேச வேண்டியிருந்தது.

"உள்ள செங்கல்லு விட்டிருக்கு. சொன்னா டிரையர நிறுத்துவாங்க. நிறுத்துனா மறுபடி ஓட்ட மாட்டாங்க. இலைய லோரில ஏத்திக் கீழ் பெக்டரிக்கு அனுப்பிட்டு இத மூடிருவாங்க. அந்த வெள்ளைக்காரன் போற வரைக்கும் வாயத் தொறக்காத."

"உங்க தலைவலி?"

"தலைன்னு இருந்தா வலிக்கும்."

அன்று வீட்டில் அம்மா, "வாயக் கொப்புளிச்சுட்டு விளக்கேத்து, சாராய வாசனை வருது" என்றார். கொப்புளித்தேன். வெந்த பழத்தின் வாசனை மூக்கை விட்டுப் போகவில்லை.

சுவரைப் பற்றி நான் எதுவும் செய்ய முடியாது. சனிக்கிழமை மேசையில் அந்த ஒயின் வாய் திறக்காமல் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். இஞ்சினியர் பிறந்த ஊரின் ஒயின். தனியாகக் குடித்தால் கண்டுபிடித்துவிடுவார். எங்கே வைத்திருந்தீர்கள் என்று கேட்பார். கேள்வி தட்டுக்குப் போகும், தட்டிலிருந்து சுவருக்குப் போகும். எனவே சாப்பாடு அதைச் சூழ்ந்து நிற்க வேண்டும்.

முதலில் வேண்டாதவற்றைத் தள்ளினேன். மிளகாய் கூடாது, துவர்ப்பான ஒயினோடு மிளகாய் சேர்ந்தால் நாக்கு இரண்டு முறை எரியும். புளியும் எலுமிச்சையும் கூடாது. இந்த ஒயினில் புளிப்பு செத்துவிட்டது, பக்கத்தில் உயிருள்ள புளிப்பு வந்தால் பிணம் பிணமாகவே தெரியும். வேண்டியது கொழுப்பு. கடுந்தேநீரில் பால் சேர்த்தால் துவர்ப்பு அடங்கும். பாலில் உள்ள சத்து அதைப் பிடித்துக்கொள்கிறது. கொழுத்த இறைச்சியும் உப்பும் அதே வேலையைச் செய்யும். அப்படியென்றால் வாத்து. அடுத்தது, ஒயினில் இருக்கும் அந்த வெந்த பழ வாசனை. அதை மறைக்க முடியாது. ஆனால் சாப்பாட்டுத் தட்டிலேயே வெந்த பழம் இருந்தால், கிண்ணத்திலிருந்து வருவது எது, தட்டிலிருந்து வருவது எது என்று மூக்கு பிரித்துப் பார்க்காது. கடைசியாக, ஒயினைக் குளிர வைப்பது. குளிர்ந்தால் வாசனை அடங்கும், துவர்ப்பு மட்டும் ஏறும். ஏறட்டும், வாத்துக் கொழுப்பு பார்த்துக்கொள்ளும்.

வாத்து திரிங்காப்பில் ஒரு சீனர் தோட்டத்தில் கிடைத்தது. பிரிஞ்சாங்கில் மருந்துக்கடைத் தவுக்கேயிடம், அந்தச் சீன முதலாளியிடம், கறுப்பு உலர்பழம் வாங்கினேன், பிளம்ஸ் வகை, உப்புப் போடாதது. உப்புப் போட்டதுதான் இருமலுக்கு நல்லது என்று அவர் விடாமல் சொன்னார்.

பங்களா குசினியில் பட்லர் மாமாதான் சமையலும். வாத்தை அதன் கொழுப்பிலேயே மெதுவாக வேக வைக்கச் சொன்னேன். சின்ன வெங்காயத்தைச் சர்க்கரை நிறம் வரும்வரை வதக்கி, பழமும் மிளகும், அன்னாசிப்பூ என்கிற நட்சத்திரப் பூ ஒன்றும் போடச் சொன்னேன்.

"மிளகாய் போட வேணாமா?"

"வேண்டாம் மாமா."

"ஒரே ஒரு காஞ்ச மிளகா. மணத்துக்கு."

"அரைகூட வேண்டாம்."

"மிளகா போடாத வாத்த எங்க அப்பன் பார்த்தா என்னைய வீட்டுக்குள்ள விடமாட்டான். தவளைக் கறி மாதிரி இருக்கு பாப்பா, வெளுப்பா."

"சாப்பாடு மேசைக்கு வந்த பிறகுதான் ஒயினத் திறக்கணும். முன்னாடி திறக்கவே கூடாது. நினைவிருக்கா?"

"பத்து தடவை சொல்லிட்ட."

மூன்று போத்தல் டிரையர் அறைத் தட்டிலேயே இருந்தது. இரண்டை மட்டும் எடுத்துவந்து குசினிக்குப் பின்னால் ஓடும் தண்ணீரில் போட்டோம். தட்டை ஞாயிற்றுக்கிழமை காலி செய்வதாக ஏற்பாடு. திங்கட்கிழமைதானே அவர் பெக்டரிக்கு வருகிறார்.

சனிக்கிழமை மத்தியானம் மூடுபனி ஜன்னல் வரை வந்து நின்றது. குசினிக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவில் தட்டு நீட்டுகிற சிறிய திறப்பு ஒன்று உண்டு. நான் அதன் ஓரத்தில் நின்றேன். இஞ்சினியர் நரைத்த மீசையோடு, சட்டைக் கையை மடித்துவிட்டு, எங்கள் ஊர் லோரி டிரைவர் போல இருந்தார். வாத்து இன்னும் அடுப்பில் இருந்தது. துரைக்குப் பொறுமையில்லை. தானே எழுந்து வந்து, பட்லரின் கையிலிருந்த போத்தலை வாங்கித் திறந்து ஊற்றினார். பட்லர் என்னைப் பார்த்தார்.

இஞ்சினியர் கண்ணாடிக் கிண்ணத்தை மூக்கருகே கொண்டுபோனார். பிறகு அதை வெள்ளை மேசைத்துணிக்கு மேலே சாய்த்து, ஓரத்து நிறத்தைப் பார்த்தார். நான் தேயிலையைப் பார்ப்பது போலவே பார்த்தார். ஒரு மிடறு. கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டார். துரை குடித்துவிட்டு, அருமை என்றார்.

நான் வாத்தைத் தட்டுகளில் எடுத்து வைத்தேன். சட்டி மூடி எங்கேயோ இடித்தது.

இஞ்சினியர் ஒரு துண்டு சாப்பிட்டார், பழத்தோடு. குடித்தார். மறுபடி சாப்பிட்டார், மறுபடி குடித்தார், கண்ணை மூடிக்கொண்டு. பிறகு, பழத்தை வாத்தோடு சேர்க்கச் சொன்னது யார் என்று ஆங்கிலத்தில் கேட்டார். பட்லர் திறப்புப் பக்கம் கையைக் காட்டினார். என்னை உள்ளே கூப்பிட்டார்கள்.

"எங்கள் ஊரில் என் தாய் இதே பழத்தைத்தான் போடுவாள்," என்றார் அவர். "இந்த ஒயின் சூடு பட்டது. தெரியுமா உங்களுக்கு?"

சுவைப்பது என் வேலை. தெரியாது என்று என்னால் சொல்ல முடியவில்லை. "தெரியும்" என்றேன். துரைசானியின் கரண்டி தட்டில் இடித்தது.

"தெரிந்துதான் இதைச் சமைக்கச் சொன்னீர்களா?"

"ஆமாம்."

அவர் சத்தமாகச் சிரித்து, கிண்ணத்தை என் பக்கமாக உயர்த்தினார். துரையும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக. முடிந்தது என்று நினைத்தேன். "எங்கே வைத்திருந்தீர்கள்?" என்று அவர் துரைசானியிடம் சாதாரணமாகத்தான் கேட்டார். ஸ்டோர் அறையில் என்றார் துரைசானி. பட்லர் சொன்னதை அவர் நம்பியிருந்தார்.

சாப்பிட்டு முடித்து இஞ்சினியர் கை கழுவப் போனார். வழியில் ஸ்டோர் அறைக் கதவு திறந்திருந்தது. அவர் அங்கே நிற்பதைக் குசினியிலிருந்து பார்த்தேன். வீட்டிலேயே சில்லென்ற அறை அது, சுவரெல்லாம் கறுப்புப் பூசணம். ஈரச் சுவரை விரலால் தொட்டுப் பார்த்தார். திரும்பி வந்து மேல்கோட்டைப் போட்டுக்கொண்டார்.

"இந்தக் குளிரில் ஒயின் வேகாது. திங்கட்கிழமை எதற்கு? இப்போதே பெக்டரிக்குப் போகலாம்," என்றார். பிறகு என்னிடம், "நீங்களும் வாருங்கள். டிரையர்காரருக்கு ஆங்கிலம் தெரியாதாமே."

துரையும் கூட வர, மூடுபனிக்குள் நடந்து போனோம். பட்லர் மாமா குசினி வாசலில் நின்று, அடுப்புத் துணியை முறுக்கிக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தார்.

டிரையர் அறையில் அப்பா எங்களைப் பார்த்ததும் சாக்குத் திரையை இழுத்து நேராக்கினார். இஞ்சினியர் நேராக அங்கேதான் போனார். திரையை விலக்கினார். மரப்பெட்டி, மூன்று போத்தல், போர்வைகள், பத்திரக் கட்டு. துரையின் முகம் சிவந்தது. "இதென்ன இது? நான் அன்னைக்கே என்ன சொன்னேன்?" என்று தமிழில் கத்தினார். இஞ்சினியர் கையை உயர்த்தி அவரை நிறுத்தினார். போத்தல்களை அவர் பார்க்கவேயில்லை. புறங்கையைச் சுவரில் வைத்து, உடனே எடுத்துக்கொண்டார்.

"எவ்வளவு நாளாகச் சுவர் இப்படி இருக்கிறது? கேளுங்கள்."

கேட்டேன்.

"எப்பவும் இப்படித்தான்னு சொல்லும்மா," என்றார் அப்பா.

அப்படியே சொன்னேன். இஞ்சினியர் ஒரு குழந்தைப் போர்வையை எடுத்து விரித்தார். பழுப்புப் பட்டை வெளிச்சத்தில் தெரிந்தது. கோபமில்லாமல் கேட்டார்: "எப்போதும் இப்படி இருக்கும் இடத்தில் குழந்தைப் போர்வையை வைப்பார்களா?"

அதையும் நான் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். அப்பா அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். பிறகு தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். "மழை தொடங்குனதுலேருந்துன்னு சொல்லு."

இஞ்சினியர் அடுத்து, "அவருக்குத் தலைவலி உண்டா?" என்று கேட்டார். அதை நான் மொழிபெயர்க்கவில்லை. "உண்டு" என்று நானே சொன்னேன்.

சாயங்காலமே அடுப்பை அணைத்தார்கள். விசிறிச் சத்தம் நின்றதும் லயத்தில் எல்லா வீட்டுக் கதவும் திறந்தது. நான் பிறந்ததிலிருந்து கேட்ட சத்தம் அது. நின்ற பிறகுதான் அது எவ்வளவு பெரிய சத்தம் என்று தெரிந்தது. பெண்கள் வாசலில் நின்று பெக்டரிக் கூரையைப் பார்த்தார்கள். அம்மா உள்ளே போய் அடுக்கிய பாத்திரங்களை இறக்கி, மறுபடி அடுக்கினார்.

அடுப்பைப் பிரித்தபோது உள்சுவர் நெடுக வெடித்திருந்தது. அடுப்பிலிருந்து வாசனை தெரியாத நச்சு வாயு அறைக்குள் கசிந்துகொண்டிருந்திருக்கிறது. அப்பா இன்னொரு மழைக்காலம் அந்த அறைக்குள் நின்றிருந்தால் தலைவலியோடு போயிருக்காது என்று இஞ்சினியர் என்னிடம் தனியாகச் சொன்னார். அதை நான் அப்பாவிடம் சொன்னேன். "அப்படியா" என்றார். தட்டைப் பற்றித் துரை பிறகு பேசவேயில்லை. பேச அந்த அறையில் ஆள் இல்லை.

போர்வைகளை அவரவர் வீட்டுக்கு எடுத்துப் போனார்கள். மூன்று போத்தலையும் துரைசானி என்னிடமே கொடுத்துவிட்டார். வீட்டில் வைக்க அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. நான் இப்போது வேலை செய்யும் கீழ் பெக்டரியின் சுவைக்கும் அறையில், ஜன்னலை விட்டுத் தள்ளி, படுக்கை வாட்டில் வைத்திருக்கிறேன். அங்கேயும் டிரையர் சுவரில் யாரோ ஒரு பலகைத் தட்டு அடித்திருக்கிறார்கள். காலையில் போனதும் அந்தச் சுவரில் கை வைத்துப் பார்க்கிறேன். இதுவரை இளஞ்சூடுதான்.

இப்போது இருப்பது இதுதான். மேல் பெக்டரி பூட்டிக் கிடக்கிறது. இலை லோரியில் கீழே போகிறது. அப்பா பங்களா வாசலில் காவலுக்கு நிற்கிறார். தினக்கூலி, அதற்கு வீடு கிடையாது. அவருக்குத் தலைவலி இல்லை. கீழ் பெக்டரியில் என்னை நிரந்தரமாக எடுத்துக்கொண்டார்கள். கோலாலம்பூருக்கு வரவில்லை என்று தகவல் சொல்லிவிட்டேன். வீடு என் பெயரில் இருக்கிறது. நான் இங்கே வேலையில் இருக்கும்வரை இருக்கும்.